ஒன்றரை அடி

ஒன்றரை அடி குறைகிறது.
அட்டைப்பெட்டியோடு வந்த வயர்
எந்த ஊர் வண்டிக்கோ அளந்து வெட்டியது.
பேட்டரியில் புறப்பட்டு
ரேடியேட்டர் ஓரம்வரை வந்து நின்றுவிட்டது
கடைசி பஸ்ஸை விட்டவன் மாதிரி.

"கொஞ்சம் இழுத்துப் பாருண்ணே"
என்கிறான் ஒச்சப்பன்.
இழுத்து மாட்டினால் இன்றைக்கு எரியும்.
ஒன்பதாம் வளைவுக் குழியில் இறங்கி ஏறும்போது
பிடுங்கிக்கொண்டு வரும்.
அப்போது மூடுபனிக்குள் நின்று
என்னைத் திட்டுவாய்.
எனக்குக் கேட்காது.

கம்பத்தில் சாயங்காலம் ஆறரை.
விடிகாலை நாலுக்கு இந்த ஜீப்
ஏலக்காய் எடுப்புக்குப் பதினாலு பெண்களோடு
மெட்டு ஏற வேண்டும்.
சீட்டு எட்டுப் பேருக்கு. அது வேறு கணக்கு.

கடையில் சிவப்பு வயர் தீர்ந்துபோச்சு.
மஞ்சள் ஒரு சுருள் கிடக்கிறது, நல்ல தடிமன்.
தூரம் கூடினால் தடிமனும் கூட வேண்டும்,
இல்லையென்றால் கரண்ட்
வழியெல்லாம் சூடாய்ச் செலவழிந்து
விளக்கு வாசலில்
வெறுங்கையோடு போய் நிற்கும்.

தோலைச் சீவி
செம்பு இழைகளை விரித்துக் கோத்து முறுக்கி
ஈயம் வைத்தேன். புகை கண்ணில்.
ஒட்டு கண்ணாடி மாதிரி மின்னியது.
அதற்குப் பிறகுதான் பார்க்கிறேன்
ஸ்லீவ் மேசைமேல் கிடக்கிறது.
முதலிலேயே நுழைத்திருக்க வேண்டும்.
பதினேழு வருஷமாய் இதே மறதி.
வெட்டினேன். மறுபடி சீவினேன்.

கறுப்பு வயரின் ஒட்டை
நாலு விரல் தள்ளிப் போட்டேன்.
இரண்டு ஒட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்
என்றைக்காவது உரசிப் பார்த்துக்கொள்ளும்.

ஒட்டுக்கு இந்தப் பக்கம் சிவப்பு,
அந்தப் பக்கம் மஞ்சள்.
ஒச்சப்பன் போனில் எஸ்டேட் சூப்பர்வைசரிடம்
"நாளெ நேரத்தே எத்தாம் சாரே" என்றவன்
மூச்சு விடாமல் என் பக்கம் திரும்பி
"டீ சொல்லவா?"

சுவிட்சை எங்கே வைக்க?
"பார்த்தாத் தெரியாத எடத்துல."
மெட்டுக்கு அந்தப் பக்கம் பிடித்தால் ஃபைன்.
இந்தப் பக்கமும் சட்டம் அதேதான்,
கேட்க ஆள் வருவதில்லை.
ஸ்டியரிங்குக்குக் கீழே
முழங்கால் மறைவில் வைத்தேன்.

சிலம்பாயி வந்தாள்,
நாளைக்குத் தலைக்கணக்குச் சொல்ல.
"பதிமூணுதான். வீரசின்னு வரல.
இருட்டுல பின்படி தெரியாம எறங்கி
கணுக்கால் வீங்கிக் கெடக்கா."
முன்னால் படுத்திருந்த புது விளக்கைப் பார்த்தாள்.
"இது ஒனக்கு.
எங்களுக்கு எது?"

ஒச்சப்பன் டீயைக் குடித்தான்.
"வயருக்கு யாரு துட்டு குடுக்குறது?"
"வாடகைல கழிச்சுக்குறேன்" என்றாள்,
சிரிக்காமல்.

பின்படிவரை பன்னிரண்டு அடி.
மஞ்சள் பதினொன்றுதான் மிச்சம்.
நீலத்தில் ஒரு துண்டு எடுத்தேன்.
இந்தத் தடவை ஸ்லீவை
முதலிலேயே நுழைத்துவிட்டு
வாயில் ஒரு முனையைக் கடித்துக்கொண்டேன்.
சேஸிஸ் ஓரமாய்ச் சேற்றைச் சுரண்டி
சைலன்சர் சூடு தொடாமல் விலக்கி
சாணுக்கு ஒரு கட்டு.
முனையில், யாரோ பைக்கிலிருந்து கழற்றிப் போட்ட
நம்பர் பிளேட் விளக்கு.

முன்விளக்கைப் போட்டேன்.
எதிர்ச் சுவர் வெள்ளையாய்ச் செத்தது.
போஸ்டரின் கிழிசல், பல்லி, ஆணி,
எல்லாம் திடுக்கிட்டு நின்றன.
ஒச்சப்பன் விசிலடித்தான்.

பின்னால்
ஒரு தட்டு அளவு வெளிச்சம்.
துரு. காய்ந்த சேற்றில் ஒரு குதிகால் தடம்.
சிலம்பாயி அதன்மேல் கால் வைத்து
ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள்.
"ம்" என்றாள்.

நாலரைக்குப் போன் அடித்தான்.
"அண்ணே, பின்லைட்ட அணைக்கவே விட மாட்டேங்குறாங்க.
ஒருத்தி கால்ல முள்ளு எடுக்குறா."

படுத்தபடியே கணக்குப் போட்டேன்.
அரை ஆம்பியர்கூட இழுக்காது.
எரியட்டும் என்றேன்.